பதினான்கு நாள் பார்வையாளர்

வக்கீல் என்று எல்லாரும் கூப்பிட்டார்களே தவிர, மனிதர் கோர்ட் வாசலைக்கூட மிதித்ததில்லை. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பசை காய்ச்சுவது அவர் வேலை. மக்காச்சோள மாவைத் தண்ணீரில் கரைத்து, காஸ்டிக் சோடா சேர்த்து, அண்டாவில் சூடேற்றுவார். அடியில் ஓட்டை போட்ட ஒரு குவளையில் அதை மொண்டு, வடிந்து முடிய எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுவார். நாற்பதுக்குக் குறைந்தால் பெட்டி பிரிந்துவிடும், ஐம்பதைத் தாண்டினால் அட்டை வளைந்துவிடும். எண்ணியதை ஒரு சின்ன அட்டையில் எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டு, கம்பியில் குத்தி வைப்பார். ஓர் அண்டாவுக்கு ஓர் அட்டை. இந்த அட்டை பின்னால் வேலைக்கு வரும், மறந்துவிட வேண்டாம்.

வக்கீல் பட்டம் கேன்டீனில் கிடைத்தது. கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கடைசி பெஞ்ச்தான் அவருடைய அலுவலகம். மதியச் சாப்பாட்டுக்கு விடுகிற அரை மணியில் பாதி சாப்பாட்டுக்கு, பாதி ஆலோசனைக்கு. சம்பளம் கூட்டிக் கேட்பது எப்படி, லீவு கடிதத்தில் என்ன காரணம் எழுதுவது, மேஸ்திரி திட்டினால் பதில் சொல்லலாமா கூடாதா என்று ஆள் மாற்றி ஆள் வந்து உட்கார்வார்கள். கட்டணம் கிடையாது. அதிகம் போனால் ஒரு டீ.

குறை சொல்லக் கூடாது, ஆலோசனைகள் முத்து முத்தாக இருக்கும். சம்பளம் கேட்கப் போகிறவனிடம் வீட்டுக் கஷ்டத்தை மட்டும் சொல்லிவிடாதே என்பார். நீ உன் கஷ்டத்தை எடுத்தால் மேனேஜர் அவருடைய கஷ்டத்தை எடுப்பார், இரண்டு கார் வைத்திருக்கிறவருடைய கஷ்டத்துக்கு முன்னால் உன் கஷ்டம் நிற்காது. அடித்த பெட்டி எத்தனை, திரும்பி வந்த பெட்டி எத்தனை, அதைச் சொல். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நில். எந்தக் காகிதத்திலும் நின்றபடி கையெழுத்துப் போடாதே. நாற்காலி கேட்டு உட்கார், முழுக்கப் படி, வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வந்து மறுநாள் போடு. மூன்றாவது, கேட்டைத் தாண்டியதும் தொழிற்சாலையை மறந்துவிடு. வீட்டில் போர்வை மடிக்கும்போது ஒரு முனையையாவது பிடி.

இவற்றால் பலன் அடைந்தவர்கள் நிறைய. பெட்டிகளுக்குப் பின் அடிக்கும் மெஷினில் இருந்த பின்னக்கா, அவர் சொன்னபடி எண்ணிக்கையைச் சொல்லி, வாயை மூடிக்கொண்டு நின்று, சம்பள உயர்வோடு திரும்பினாள். லாரியில் சுமை ஏற்றுகிறவர் பறிபோன ஞாயிறு விடுமுறைகளைத் திரும்ப வாங்கினார்.

வக்கீல் மட்டும் எதையும் வாங்கவில்லை. ஒரே ஒரு முறை சம்பளம் கேட்கிறேன் என்று மேனேஜர் அறைக்குப் போனார். கதவைத் திறந்ததும் அது கிரீச்சிட்டது. மேனேஜர், இந்தக் கதவு ரொம்ப நாளாக இப்படித்தான் கத்துகிறது என்று அலுத்துக்கொண்டார். வக்கீல் எண்ணெய் கொண்டுவந்து கீலுக்கு விட்டார், நாலு முறை திறந்து மூடிப் பார்த்தார், சரியாகிவிட்டது சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். கையெழுத்தெல்லாம் நின்றபடியேதான் போட்டார், சில சமயம் நடந்தபடி. மழை தூறினால் போதும், ஈரத்தில் மாவு கட்டி பிடிக்குமே என்று வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வானத்தைப் பார்ப்பார். அந்த வீட்டில் போர்வைக்கு ஒரே முனைதான் என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.

இப்போது அந்தத் தொழிற்சாலையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் மூன்று ஆண்டு ஒரு நாள்கூட இடைவெளி இல்லாமல் வேலையில் இருந்துவிட்டால் அவரைப் பர்மனென்ட் ஆக்கியே தீர வேண்டும் என்று அங்கே சட்டம் இருந்தது. சட்டம் இருக்கும் இடத்தில் சந்தும் இருக்கும் அல்லவா? தற்காலிக ஆட்களைப் பதினோரு மாதம் முடிந்ததும் ஒரே ஒரு நாள் வேலையை விட்டு நீக்குவார்கள். முதல் நாள் சாயங்காலம் அடையாள அட்டையை வாங்கிக்கொள்வார்கள். அதற்கு அடுத்த நாள் விடுதல். மூன்றாம் நாள் காலையில் புது எண், புது அட்டை, கழுத்தில் மாட்டப் புதுக் கயிறு. வருக வருக, புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். வக்கீலையும் சேர்த்துப் பதினோரு பேர் ஒரே நாளில் இப்படி நீக்கப்பட்டு, ஒரே நாளில் பிறந்துகொண்டிருந்தார்கள். பதின்மூன்று ஆண்டில் வக்கீல் பதினான்கு முறை பிறந்தாயிற்று.

அந்த நாளைப் பற்றி வக்கீலுடைய ஆலோசனை மற்ற எல்லாவற்றையும்விடக் கறாராக இருக்கும். "அன்னிக்கு உன்னை ஆளே இல்லன்னு சொல்றாங்க. இல்லாத ஆளுக்கு அங்க என்ன வேலை? கேட் பக்கம் தலைவச்சுப் படுக்காதே. வீட்ல நல்லாத் தூங்கு," என்பார். மற்ற பத்துப் பேரும் அப்படியே செய்தார்கள். தூங்கினார்கள், பிள்ளைகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள், பின்னக்கா ஜன்னல்களுக்கெல்லாம் பெயின்ட் அடித்தாள். மறுநாள் வந்து, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், தூங்கினேன் என்பார் வக்கீல்.

பொய். பச்சைப் பொய். பதினான்கு முறையும் வக்கீல் தொழிற்சாலைக்குத்தான் போனார்.

காரணம் அவருடைய கல்யாணம். வேலையில் சேர்ந்த நாலாம் மாதம் பெண் பேசினார்கள். பெண்ணின் அப்பா நகை கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வேலை பர்மனென்டா? ஆறு மாதத்தில் ஆகிவிடும் என்று மேஸ்திரி அடித்துச் சொல்லியிருந்தார். ஆறு மாதம் முன்கூட்டிச் சொன்னால் குடி முழுகிவிடுமா என்று நினைத்து, ஆமாம் பர்மனென்ட்தான் என்றார் மாப்பிள்ளை. அந்த ஆறு மாதம்தான் பதின்மூன்று ஆண்டாக நீண்டுகொண்டிருந்தது. என்றைக்காவது உண்மையாகவே பர்மனென்ட் ஆகிவிட்டால் அந்தச் சொல் பொய் இல்லை என்று ஆகிவிடும். வாழ்க்கையில் வக்கீலுக்கு வேறு ஆசையே இல்லை, இது ஒன்றுதான்.

கல்யாணமாகி ஏழாவது மாதம் முதல் விடுதல் நாள் வந்தது. வீட்டில் என்ன சொல்வது? மனைவி எப்போதும்போல டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து மூன்று பஸ்களை விட்டார். பூங்காவில் உட்கார்ந்தால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். கால்கள் தெரிந்த வழியிலேயே போயின. கேட்டில் வாட்ச்மேன் மறித்தார்.

"இன்னிக்கு நீ ஆள் கிடையாதேப்பா."

"சும்மா பார்த்துட்டுப் போறேன்."

பார்ப்பதற்கு வருகிறவர்களுக்கென்று ஒரு நோட்டு இருந்தது. பார்வையாளர் பதிவேடு. வாட்ச்மேன் விதி தெரிந்தவர். நோட்டைத் தள்ளினார். பெயர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், யாரைப் பார்க்க. வக்கீல் கொஞ்சம் யோசித்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் பசை அண்டா என்று எழுதினார். கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றுதான் விதி, அதில் உயிருள்ள பெயர் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. வாட்ச்மேன் விட்டுவிட்டார்.

உள்ளே, அன்றைக்கு மாற்றாகப் போட்ட ஆள் காய்ச்சிய பசை கட்டி கட்டியாக நின்றது. மேஸ்திரி வக்கீலைப் பார்த்ததும் துடுப்பை எடுத்துக் கையில் கொடுத்தார். அதோடு வழக்கமாகிவிட்டது. பசைக்கூடம் பின்கட்டில் தனியாக இருந்ததால் மற்றவர் கண்ணில் படவும் இல்லை. அன்று மட்டும் கேன்டீனுக்கு வராமல் அங்கேயே டிபன் பாக்ஸைத் திறப்பார். அந்த நாளுக்குச் சம்பளம் கிடையாது, இல்லாத ஆளுக்கு எப்படிக் கொடுப்பார்கள்? ஆனால் பசை அட்டையில் கையெழுத்துப் போட மட்டும் மறக்க மாட்டார். கை பழகிவிட்டது.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டியில் கட்டையைப் போட்டது புதிதாக வந்த நல அதிகாரி. ஊழியர் நலம் பார்க்கிற அந்த அம்மாள் நல்லவள்தான், துடிப்பானவள், அதுதான் தொல்லை. வந்த இரண்டாம் மாதமே வேலை வாழ்வு சமநிலை வாரம் என்று ஒன்றை அறிவித்தாள். நேரத்தோடு வீட்டுக்குப் போவது எப்படி என்று முதல் நாள் பேச்சு. மாலை ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் தொடங்கி எட்டரை வரை நடந்தது. யாரும் நேரத்தோடு வீட்டுக்குப் போகவில்லை, வருகைப் பதிவு எடுத்தார்கள்.

கேன்டீன் சுவரில் ஒரு பலகையும் மாட்டினாள். சம்பளம், வேலை உத்தரவாதம், வேலையும் வீடும் என்று மூன்று தலைப்பு. புதிதாக வருகிறவர்களுக்குப் பழையவர்கள் ஆலோசனை எழுத வேண்டும், கட்டாயம் இல்லை, ஆனால் எழுதாதவர்கள் பெயர் குறித்துக்கொள்ளப்படும். எல்லாரும் எழுதினார்கள். வாசித்துப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே ஆள் சொன்னது. நாற்காலி கேள், தூங்கி எழு, முனையைப் பிடி. யார் இது என்று அம்மாள் விசாரித்தாள். பசைக்காரர் என்றார்கள்.

அவளுக்கு வாரக் கடைசியில் சுவரொட்டி போட ஒரு மாதிரித் தொழிலாளி தேவைப்பட்டார். பசைக்கூடத்துக்குப் போனாள். பழைய அட்டைகள் கட்டுக் கட்டாக அலமாரியில் இருந்தன. இரண்டு நாள் உட்கார்ந்து புரட்டினாள். ஒவ்வொரு வேலை நாளிலும் அதே கையெழுத்து. அவளுக்குப் புல்லரித்துவிட்டது. ஆபீஸ் ஃபைலைப் பார்த்திருந்தால் அந்த மனிதர் சேர்ந்து இரண்டே மாதம்தான் ஆகிறது என்று தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. மேனேஜரும் நீட்டியதில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறவர். மறுவாரம் கேட்டுக்கு உள்ளே, வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி, ஆள் உயரத்துக்கு வக்கீல் நின்றார். கையில் துடுப்பு, முகத்தில் திருதிரு விழிப்பு. கீழே கொட்டை எழுத்தில்: பதின்மூன்று ஆண்டுகள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. இவரைப் போல் இருப்போம். அதற்கும் கீழே மேனேஜர் கையெழுத்து. வேலை வாழ்வு சமநிலைக்கு அந்தத் தொழிற்சாலை கண்டெடுத்த முன்மாதிரி, ஒரு நாள்கூட வீட்டில் இருக்காத மனிதர்.

முதலில் வாசித்தவள் பின்னக்கா. மதியம் தட்டைக்கூட எடுக்காமல் நேராகப் பெஞ்சுக்கு வந்தாள்.

"அண்ணே, ஒரு நாள்கூட விடலன்னு போட்டிருக்கு. அப்போ அந்த நாள்?"

வக்கீல் கை கழுவும் தொட்டியைப் பார்த்தார்.

"எங்களைத் தூங்கச் சொல்லிட்டு நீங்க மட்டும் வந்துட்டு இருந்தீங்களா?"

எழுந்து போய்க் கை கழுவினார். அன்றிலிருந்து அந்தப் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. மேனேஜரிடம் நல்ல பெயர் வாங்க இரகசியமாக ஓசியில் உழைத்தவர் என்று பேசிக்கொண்டார்கள். அரை மணி நேரச் சாப்பாட்டை அவர் தனியாக ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டு மீதி நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கே அவர்மேல் பரிதாபமாக இருக்கிறது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

மூன்று வாரம் கழித்து லேபர் ஆபீசர் சோதனைக்கு வந்தார். வருடா வருடம் வருவார். கேட்டிலிருந்து நேராக மேனேஜர் அறை, ஒரு டீ, நாலு கையெழுத்து, போய்விடுவார். அன்று மேனேஜர் வர ஐந்து நிமிடம் தாமதம். ஆபீசரைக் கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். எதிரே வக்கீல், ஆள் உயரத்துக்கு. வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் ஆபீசர் அதை வாசித்தார். திரும்ப வாசித்தார். இவர் பர்மனென்டா என்று வாட்ச்மேனைக் கேட்டார். இல்லை என்றார் வாட்ச்மேன். அப்படியென்றால் விடுதல் நாளில் வரவில்லையா? வந்தார், எழுதியிருக்கிறார் என்று சொல்லி, யாரும் தூக்கிப் போடச் சொல்லாததால் அலமாரியில் அடுக்கி வைத்திருந்த பதின்மூன்று ஆண்டுப் பதிவேடுகளையும் எடுத்து வந்து அடுக்கினார். விதி தெரிந்த வாட்ச்மேனைப் போல ஆபத்தான ஆள் கிடையாது.

மேனேஜர் வந்தபோது ஆபீசருடைய ஒரு கையில் ஆபீசிலிருந்து வரவழைத்த ஃபைல், மறு கையில் பதிவேடு. "சார், சுவர்ல இருக்கிறது பொய்யா, ஃபைல்ல இருக்கிறது பொய்யா? ரெண்டுலயும் உங்க கையெழுத்துத்தான்," என்றார்.

அந்த ஆள் அந்த நாட்களில் வெறும் பார்வையாளராகத்தான் வந்தார் என்று மேனேஜர் வாதாடினார். பசை அட்டைகள் வந்தன. ஆபீசர் பதினான்கையும் எண்ணி எடுத்து மேஜையில் பரப்பினார். "நல்லாத்தான் பார்த்திருக்கார்," என்றார்.

உத்தரவு வர நாலு மாதம் ஆனது. வக்கீல் ஒருவரைப் பர்மனென்ட் ஆக்க வேண்டும். மற்ற பத்துப் பேருக்கும் கேட்டுப் பார்த்தார்கள், வழியில்லை. விடுதல் நாளில் அவர்கள் வீட்டில் இருந்துவிட்டார்கள். வக்கீல் சொன்னதைக் கேட்டவர்களுக்கு ஒன்றும் இல்லை, கேட்காத ஒரே ஆளுக்கு வேலை. அந்த ஒரே ஆள் வக்கீல்.

மேனேஜர் காகிதத்தை நீட்டி, பேனாவையும் திறந்து கொடுத்தார். பதின்மூன்று ஆண்டாகக் காத்திருந்த காகிதம். நின்றபடியே கை போய்விட்டது. என்ன தோன்றியதோ, கையை இழுத்துக்கொண்டு நாற்காலி கேட்டார். உட்கார்ந்தார். மூன்று பக்கத்தையும் படித்தார். நாளைக்குப் போடுகிறேன் சார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். கதவு கிரீச்சிட்டது. எண்ணெய் விடவில்லை.

நேராகக் கேன்டீனுக்குப் போய், பின்னக்காவும் மற்ற ஒன்பது பேரும் உட்கார்ந்திருந்த மேஜையின் ஓரத்தில் நின்றார். எனக்கு ஓர் ஆலோசனை வேண்டும் என்றார். வாழ்க்கையில் முதல் முறை. யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பெண்ணின் அப்பா கேட்ட ஒற்றைக் கேள்வி, டிபன் பாக்ஸ், விட்ட மூன்று பஸ், பசை அண்டா. நல்ல பெயர் வாங்க வரவில்லை, வீட்டில் இருக்கப் பயந்து வந்தேன் என்றார். முதலில் சுமை ஏற்றுகிறவர் சிரித்தார். அப்புறம் எல்லாரும். பின்னக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரிப்பாலா வேறு எதனாலா தெரியவில்லை.

"இதுல யோசிக்க என்னண்ணே இருக்கு? நீங்க போடலன்னா எங்களுக்குத் தரப்போறாங்களா? போய்ப் போடுங்க," என்றாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

மறுநாள் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை கால் தரையில் படவில்லை. வழியில் ஓர் இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு பாதித் தூரம் வந்தவருக்குத் திடீரென்று உறைத்தது. வீட்டில் என்ன சொல்வது? பர்மனென்ட் ஆகிவிட்டேன் என்றா? பதின்மூன்று ஆண்டாக அவர் பர்மனென்ட்தானே! வாழ்க்கையின் ஒரே நல்ல செய்தி, அதைச் சொல்ல வேண்டிய ஒரே ஆளுக்கு அது பழைய செய்தி. பெட்டியோடு தெருமுனையில் பத்து நிமிடம் நின்றார்.

மனைவி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, எதற்கு என்று கேட்டாள். கடையில் சும்மா கொடுத்தார்கள் என்றார். வேறு பொய் அகப்படவில்லை. அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"பர்மனென்ட் ஆயிட்டீங்களா?"

அவர் நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, இருந்தது.

அவள் ஜன்னல் பக்கம் போய்த் திரையைக் கட்டியிருந்த கயிறுகளை இழுத்துக் காட்டினாள். இந்த ஜன்னலில் நாலு, அடுக்களை ஜன்னலில் நாலு, மீதி ஆறு அலமாரிக் கதவுகளில். அடையாள அட்டைக் கயிறுகள். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை அவர் புதுக் கயிறோடு வருவார், பழையது அறுந்துவிட்டது என்பார். துவைக்கப் போட்ட கால்சட்டைப் பையில் பழைய கயிறு முழுசாக இருக்கும். முதல் கயிற்றிலேயே அவளுக்குச் சந்தேகம், இரண்டாவதில் தெரிந்துவிட்டது. அட்டையில் எண்ணும் மாறியிருக்கும். பர்மனென்ட் ஆளுக்கு எண் மாறுமா?

"ஏன் கேட்கலை?" என்றார் மெதுவாக.

"கேட்டா சொல்லியிருப்பீங்களா? இன்னொரு கயிறு அறுந்திருக்கும்." அவள் பெட்டியை மூடினாள். "ஒவ்வொரு தடவையும் அந்தக் காலையில டிபன் பாக்ஸைக் கையில குடுத்துட்டு நிற்பேன். இன்னிக்காவது வாசல்ல இருந்து திரும்பி வருவீங்கன்னு. வேலையும் இல்ல, சம்பளமும் இல்ல, அப்பவும் அங்கதான் போனீங்க. அந்தப் பதினாலு நாளும் என்னுது."

இதற்கு அவரிடம் ஆலோசனை எதுவும் இல்லை.

பர்மனென்ட் ஆட்களுக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் விடுப்பு உண்டு. பதினாலு எனக்கு, ஒன்று உங்களுக்கு என்றாள் மனைவி. முதல் நாள் எது என்பதையும் அவளே சொன்னாள், அடுத்த கயிறு அறுகிற நாள். ஊருக்கெல்லாம் விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவருக்குத் தன் கடிதத்தில் காரணம் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. குடும்பப் பொறுப்பு என்று எழுதினார், அடித்தார், உடல்நிலை என்று எழுதினார், அடித்தார். போர்வை மடிக்க என்று எழுதச் சொன்னாள் அவள். அப்படியே எழுதிக் கொடுத்தார். மேனேஜர் வழக்கம்போல வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அந்த நாள் வந்தது. காலை எட்டு மணி ஆயிற்று, எட்டரை ஆயிற்று, வக்கீல் வீட்டில் இருந்தார். எந்த நாற்காலியில் உட்கார்வது என்றே அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக மாறி உட்கார்ந்து, மேகம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அப்போது போன் அடித்தது. பின்னக்கா.

கேட்டில் பத்துப் பேரும் டிபன் பாக்ஸோடு வரிசையாக நிற்கிறார்களாம். இன்று அவர்களுக்கு விடுதல் நாள். மூன்று ஆண்டு இப்படி ஓசியில் வந்து போனால் தங்களுக்கும் இடைவெளி இல்லாமல் கணக்கு வரும் அல்லவா? பார்வையாளர்கள் இயந்திரத்தின் அருகே போகக் கூடாது என்று மேனேஜர் சுற்றறிக்கை விட்டிருந்தார். ஆனால் அன்றைக்கு என்று அவசர ஆர்டர் நிறைய. சும்மா வருகிற கையை வேண்டாம் என்று சொல்ல அந்த மேஸ்திரிக்கு என்றைக்கும் மனம் வந்ததில்லை, சுற்றறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கையசைத்துக் கூப்பிடுகிறாராம். தாங்களும் வேலைக்காரர்கள்தான் என்று ஒத்துக்கொள்ள வைப்பதற்கு ஒரு நாள் கூலி இல்லாமல் வேலை செய்யப் பத்துப் பேர் முண்டிக்கொண்டு நின்றார்கள். இதைக் கேட்டு வக்கீலுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அண்ணே, நோட்டுல யாரைப் பார்க்கன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதறது?"

வக்கீல் மனைவியைப் பார்த்தார். அவள் கொடியிலிருந்து எடுத்து வந்த துணிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"சொல்லுங்க. சொல்லிட்டு அணைச்சிடுங்க," என்றாள்.

"அவங்கவங்க மெஷின் பேரை எழுதுங்க," என்றார் வக்கீல். "உள்ள போனதும் வேலை அட்டையில கையெழுத்துப் போட மறந்துடாதீங்க. அதுதான் முக்கியம்." அவர் கொடுத்த ஆலோசனைகளிலேயே தான் செய்து பார்த்துச் சொன்னது அது ஒன்றுதான். போனை அணைத்தார்.

மனைவி பெரிய போர்வையை உதறி ஒரு பக்கத்தை அவரிடம் நீட்டினாள். வக்கீல் வாங்கிக்கொண்டு அதை மேலும் கீழும் பார்த்தார். முதலில் நீளவாக்கில் இரண்டாக மடித்து, பிறகு அகலவாக்கில் மூன்றாகப் போட்டால் அலமாரியில் இடம் மிச்சமாகும் என்று ஆரம்பித்தார்.

"ஆலோசனை வேண்டாம்," என்றாள் அவள். "முனையைப் பிடிங்க."

பிடித்தார்.